அடியாத மாடு படியாதா?

1/
போன வாரம் எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஃபார்வர்டு வந்தது. வாத்தியார் கையில் பிரம்பு இருந்தவரைக்கும் போலீஸ் கையில் லத்திக்கு வேலை இல்லை என்று சுற்றிக்கொண்டே இருக்குமே, அதேதான். கீழே வரிசையாகக் கட்டைவிரல். பெரியப்பா ஒருவர் முடிவுரை எழுதினார்: "அடியாத மாடு படியாது." அங்கே பதில் போட்டால் அடுத்த கல்யாணத்தில் முகம் பார்க்க முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

2/
நான் கோவையில் பொதுமருத்துவம் பார்க்கிறேன். மனநல நிபுணர் இல்லை. ஆனால் அடியின் பலன் கடைசியில் என் மேசைக்குத்தான் வருகிறது, வேறு வேறு பெயர்களில். அதனால் பேச எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

என் வாதம் இது: அடி பாடத்தைக் கற்றுக்கொடுப்பதில்லை. அடிக்கிறவரிடமிருந்து தப்பிக்கக் கற்றுக்கொடுக்கிறது. நான் கருணையைப் பற்றிப் பேசவில்லை. விலங்குகள் எப்படிக் கற்கின்றன என்று நூறு வருடத்துக்கு மேல் சோதித்துப் பார்த்ததில் வந்த கணக்கைப் பேசுகிறேன்.

3/
பழமொழி மாட்டைத்தானே சாட்சிக்குக் கூப்பிடுகிறது? மாட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

என் அப்புச்சி கவலை இறைத்தவர். இளையவர்களுக்கு விளக்கம்: மோட்டார் வருவதற்கு முன்னால் கொங்கு நாட்டுக் கிணறுகளில் எருதுகளை வைத்துத்தான் நீர் இறைத்தோம். எருதுகள் சரிவில் முன்னால் இறங்கினால் தண்ணீர் மேலே வரும். பின்னால் நடந்து மேடேறினால் சால் திரும்பக் கிணற்றுக்குள் போகும். பொழுதுக்கும் இதே வேலை. பின்னால் நடப்பது எந்த மாட்டுக்கும் பிடித்த காரியம் இல்லை, கற்றுத்தான் கொடுக்க வேண்டும்.

4/
"சாட்டையால நல்லா வெளுப்பீங்களா அப்புச்சி?" என்று சின்ன வயதில் கேட்டேன். அவர் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"மொதல்ல சத்தம் குடுக்கோணும் கண்ணு. சத்தத்துக்கு நகுரலீன்னாத்தான் கயித்தை இழுக்கோணும். நகுந்துருச்சுன்னா அந்த நொடியே கயித்தை விட்டுப்போடோணும். பொறவு சத்தமே போதும். அடிச்சுட்டே இருந்தீன்னா மாடு உன்னையத்தான் பாக்கும், வேலையப் பாக்காது."

5/
மருத்துவம் படித்தபோது உளவியல் பாடத்தில் இதே சங்கதி வந்தது, பெயர் மட்டும் வேறு: தவிர்ப்புக் கற்றல். முதலில் ஒரு அறிகுறி. பிறகு ஒரு சின்னத் தொல்லை. சரியானதைச் செய்த கணமே தொல்லை நிற்கும். சில நாளில் அறிகுறிக்கே மாடு நகர்ந்துவிடும், தொல்லை தேவைப்படாது.

தண்டனை என்பது வேறு. செய்து முடித்த ஒன்றுக்காக வலி கொடுப்பது. ரெண்டையும் பழமொழி ஒன்றாகக் குழப்பிவிட்டது.

6/
இப்போது பையனை நினைத்துப் பாருங்க. காலையில் பரீட்சைத் தாள் கொடுத்தார்கள். கணக்கில் 31. ராத்திரி எட்டு மணிக்கு அப்பா வருகிறார், பெல்ட்டை எடுக்கிறார்.

அந்த அடியை நிறுத்த அவன் அந்த நிமிடம் என்ன செய்ய முடியும்? கணக்குப் போட்டுக் காட்டவா? 31-ஐ 81 ஆக்கவா? எருதுக்காவது ஒரு அடி பின்னால் வைத்தால் தொல்லை நிற்கும். பையனுக்கு அந்த வழிகூட இல்லை. அவனுக்குக் கிடைக்கும் ஒரே பாடம், அடுத்த தடவை தாளைக் காட்டாதே என்பதுதான்.

7/
அதே கட்டுத்தரையில் கறவை மாடும் நிற்கிறது. கறக்கப் போகும்போது எந்த விவரமான ஆளும் மாட்டை அடிக்க மாட்டார். காரணம் உடலியல். கன்று முட்டும்போது, காம்பைத் தொடும்போது, மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் சுரந்து பால் இறங்கும். பயந்தால் அட்ரினலின் ஏறும், ஆக்ஸிடோசினின் வேலை தடைபடும், பால் மடியிலேயே நின்றுவிடும்.

இதற்கும் நம்மிடம் பழமொழி இருக்கிறது: ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும். இதை ஏன் எந்தப் பெரியப்பாவும் ஃபார்வர்டு செய்வதில்லை?

8/
ஆய்வகத்துக்கு வருவோம். 1938-ல் ஸ்கின்னர் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். நெம்புகோலை அழுத்தினால் தீனி வரும் என்று பழக்கினார். பிறகு தீனியை நிறுத்தினார். எலிகள் கொஞ்ச நேரம் அழுத்திப் பார்த்து மெதுவாக விட்டுவிடும். இதில் ஒரு பிரிவு எலிகளுக்கு மட்டும், ஆரம்பத்தில் சில நிமிடம், அழுத்தும்போதெல்லாம் நெம்புகோலே திருப்பிக் காலில் அடிக்கும்படி வைத்தார்.

அடிபட்ட எலிகள் உடனே நிறுத்தின. "பாத்தீங்களா!" என்பீர்கள். பொறுங்க.

9/
அடி நின்ற பிறகு அவை திரும்ப அழுத்த ஆரம்பித்தன. கடைசியில் கூட்டிப் பார்த்தால், அடிபட்ட எலிகளும் அடிபடாத எலிகளும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் அழுத்தியிருந்தன.

அடி அந்தப் பழக்கத்தை அழிக்கவில்லை. கொஞ்ச நேரம் அமுக்கி வைத்தது, அவ்வளவுதான். வாத்தியார் வகுப்பை விட்டு வெளியே போன அடுத்த நிமிடம் என்ன நடக்கும் என்று நமக்கு எல்லாருக்கும் தெரியும். அதுதான் இது.

10/
ஒன்றை மறைக்கக் கூடாது. தண்டனை சில நேரம் வேலை செய்யும். அஸ்ரின், ஹோல்ஸ் என்ற இருவர் 1966-ல் அதற்கான நிபந்தனைகளைத் தொகுத்தார்கள். முக்கியமானவை: தவறு நடந்த அந்த நொடியே விழ வேண்டும். ஒவ்வொரு தடவையும் விழ வேண்டும். முதல் தடவையே கடுமையாக இருக்க வேண்டும். தப்பிக்க வழி இருக்கக் கூடாது. அதே பலனைப் பெற வேறு நல்ல வழி ஒன்று திறந்திருக்க வேண்டும்.

11/
அடுப்பில் காயும் தோசைக்கல் இந்த நிபந்தனைகளில் பெரும்பாலானவற்றை நிறைவேற்றும். தொட்ட நொடியே சுடும், எப்பவும் சுடும், கோபப்படாது, பழையதைக் கிளறாது. அதனால்தான் ஒரே தடவையில் குழந்தை கற்றுக்கொள்கிறது.

அப்பா தோசைக்கல் இல்லை. பத்துத் தப்பில் ரெண்டுதான் அவர் கண்ணில் படும். அதில் ஒன்றுக்கு நல்ல மூடில் இருப்பார், விட்டுவிடுவார். இன்னொன்றுக்கு கம்பெனியில் ஆர்டர் கேன்சல் ஆன கோபத்தையும் சேர்த்து அடிப்பார். சின்னத் தட்டில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போவார். பையன் அதற்கும் படிப்படியாகப் பழகிவிடுவான்.

12/
"இதெல்லாம் எலிக் கதை, நம்மூருக்கு ஒத்து வராது" என்கிறீர்களா? சரி, நம்மூர் யானையைப் பார்ப்போம். கோவை வடக்குப் பக்கம் தடாகம் பள்ளத்தாக்கு. மலையடிவாரத் தோட்டங்களில் யானை இறங்குவது அங்கே புதிதல்ல. விவசாயியின் கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரு வருட உழைப்பை ஒரே ராத்திரியில் இழந்தவர்கள் எனக்கே நோயாளிகளாக இருக்கிறார்கள்.

ஆனால் அறுபது பேர் பட்டாசு வெடித்தும் யானை ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

13/
யானையின் கணக்கைப் போட்டுப் பாருங்க. பட்டாசு முதல் நாள் பயம். ரெண்டாம் நாள் திடுக்கிடல். பத்தாம் நாள் வெறும் சத்தம், ஏனென்றால் சத்தத்துக்குப் பின்னால் வலி எதுவும் வருவதில்லை. இதற்குப் பெயர் பழகிப்போதல். அதே நேரம் வாழையும் மக்காச்சோளமும் நிஜம், வாயில் இனிக்கிறது.

சோலார் வேலி போட்டோம். அது உயிரைக் கொல்லாத, நொடிநேர ஷாக். யானை என்ன கற்றது? தந்தத்தில் மின்சாரம் பாயாது என்பதைக் கற்றது. தந்தத்தால் கம்பியைத் தள்ளுகிறது, மரத்தைச் சாய்த்து வேலி மேல் போடுகிறது. தோட்டத்துக்குப் போகாதே என்று நாம் பாடம் நடத்தினோம். அது வேலியை உடைப்பது எப்படி என்று படித்துக்கொண்டது.

14/
சிலர் அதைவிடக் கடுமையான தண்டனைக்குப் போனார்கள். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே, வயலைச் சுற்றிச் சட்டவிரோதமாகப் போட்ட மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் உயிர் பிழைத்தன.

செத்த யானை எதையும் கற்பதில்லை. தண்டனை போதவில்லை என்றால் கூட்டு, இன்னும் கூட்டு என்று போகும் பாதை எங்கே முடியும் என்பதற்கு அது சாட்சி. வீட்டிலும் பள்ளியிலும் அதே பாதைதான்.

15/
சின்னத்தம்பியை மறந்திருக்க மாட்டீர்கள். 2019 ஜனவரி 25 அன்று பெரிய தடாகத்தில் மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, டாப்சிலிப் பக்கம் வரகளியாறு காட்டில் விட்டார்கள். ஒரு வகையில் அதுதான் பெரிய தண்டனை: ஊர்கடத்தல்.

சில நாளில் அவன் காட்டை விட்டு இறங்கினான். பொள்ளாச்சிப் பக்கம் வழியாக நடந்து உடுமலை அருகே கிருஷ்ணாபுரம், அமராவதி சர்க்கரை ஆலைப் பகுதிக்கு வந்து சேர்ந்தான். சுற்றிலும் கரும்பு. பிப்ரவரி 15 அன்று கண்ணாடிப்புத்தூரில் மறுபடி பிடித்தார்கள்.

16/
அதிலிருந்தும் நாம் பாடம் கற்கவில்லை. 2023 பிப்ரவரியில் தர்மபுரி பக்கம் பிடித்த ஒரு மக்னாவை அதே ஆனைமலைக் காட்டில் விட்டார்கள். அதே மாதம் அது நடந்தே கோவை பேரூர் வரை வந்தது. பிடித்து மானாம்பள்ளிக் காட்டில் விட்டார்கள். சரளப்பதி கிராமத்துப் பக்கம் இறங்கியது. ஜூலை கடைசியில் திரும்பவும் பிடித்தார்கள்.

ஊசி, கயிறு, லாரி, காலர் எல்லாம் போட்டும், தோட்டத்தில் சாப்பாடு கிடைக்கும் என்ற அறிவை அதன் தலையிலிருந்து எடுக்க முடியவில்லை. தண்டனை பழைய அறிவை அழிக்காது. எலி சொன்னதையேதான் யானையும் சொல்கிறது.

17/
சின்னத்தம்பியை எது மாற்றியது? வரகளியாற்றில் மரக்கரால். தினமும் அதே பாகனின் குரல், அதே கை. சொன்னதைச் செய்தால் கரும்பு, வெல்லம். செய்த உடனே. பிற்பாடு அவனே கும்கியாகி மற்ற யானைகளைப் பிடிக்கப் போனான்.

இதில் கூண்டும் உண்டு, அங்குசமும் உண்டு. சுதந்திரமாகத் திரிந்த யானையை அப்படி அடைத்தது சரியா என்பது தனி விவாதம், நான் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் வலி மட்டும் கொடுத்துப் பல டன் எடையுள்ள விலங்கோடு யாரும் வாழ முடியாது. யானை முகாமில் இருக்கும் பாகன்களைக் கேட்டுப் பாருங்க. எதற்கு வெல்லம், எப்போது வெல்லம் என்பதில்தான் அவர்களுடைய தொழிலே இருக்கிறது.

18/
"அப்புறம் ஏன் டாக்டர், தலைமுறை தலைமுறையா எல்லாரும் அடிக்கறாங்க? வேலை செய்யாத விஷயத்தை இத்தனை பேர் செய்வாங்களா?"

நல்ல கேள்வி. இந்த இழையில் நீங்கள் ஒன்றை மட்டும் ஞாபகம் வைப்பதாக இருந்தால் இந்தப் பதிலை வையுங்கள். அடியால் பயிற்சி பெறுவது அடிக்கிறவர்.

பையன் கத்துகிறான். உங்களுக்குத் தலைவலி. ஒரு அறை விடுகிறீர்கள். உடனே நிசப்தம். தொல்லை நின்றது! எருதுக்குக் கயிறு தளர்ந்த மாதிரி உங்களுக்கு. அடுத்த தடவை கை இன்னும் சீக்கிரம் எழும்.

19/
இன்னொரு மாயம். "அடிச்சதுக்கப்புறம்தான் சார் மார்க் ஏறுச்சு."

பிறகு நோபல் பரிசு பெற்ற டேனியல் கானெமான், இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்களுக்கு வகுப்பெடுத்தபோது ஒரு பயிற்சியாளர் இதையே சொன்னார்: பாராட்டினால் அடுத்த தடவை மோசமாக ஓட்டுகிறார்கள், திட்டினால் நன்றாக ஓட்டுகிறார்கள்.

கானெமான் காரணத்தைப் பிடித்தார். மிக மோசமான ஒரு நாளுக்கு அடுத்த நாள், திட்டினாலும் திட்டாவிட்டாலும், பெரும்பாலும் அதைவிடப் பரவாயில்லாமல்தான் இருக்கும். எல்லோரும் தங்கள் சராசரிப் பக்கம் திரும்புவார்கள்.

20/
31 வாங்கிய பையன் அடுத்து 42 வாங்குவான், அவன் வழக்கமாக வாங்குவதே 40 என்றால். நடுவில் நீங்கள் அடித்திருந்தால் பெருமை பெல்ட்டுக்கு. நடுவில் கோயிலுக்குப் போயிருந்தால் பெருமை சாமிக்கு.

அதேபோல 90 வாங்கியவனைப் பாராட்டினீர்கள், அடுத்து 82. "பாராட்டுனா தலைக்கனம் ஏறிருது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். இப்படித்தான் அடிக்கு ஒரு பொய்யான நற்பெயர் வந்து சேர்ந்தது.

21/
அடுத்து, எவ்வளவுக்கு ஒரு தடவை வெகுமதி என்ற கணக்கு. ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957-ல் இதைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே போட்டார்கள். புறா கொத்தும்போதெல்லாம் தீனி வந்தால், தீனியை நிறுத்தியதும் சீக்கிரம் விட்டுவிடும். எத்தனை கொத்துக்கு ஒரு தடவை வரும் என்று தெரியாமல் எப்போதாவது வந்தால், நிறுத்திய பிறகும் கொத்திக்கொண்டே இருக்கும்.

நம்மூரில் இதை விளக்க எலியும் வேண்டாம் புறாவும் வேண்டாம். லாட்டரிச் சீட்டு போதும். 2003-ல் தமிழ்நாடு அதைத் தடை செய்ய வேண்டி வந்ததே, ஏன்? எப்போதாவது விழுந்தது, அதனால்தான் விட முடியவில்லை.

22/
"போன் குடு" என்று பையன் அழுகிறான். நாலு தடவை இல்லை என்கிறீர்கள். அஞ்சாவது தடவை முடியாமல் கொடுத்துவிடுகிறீர்கள். மறுநாள் ஏழாவது தடவை. அதற்கு மறுநாள் மூன்றாவது தடவை.

அவனுக்கு நீங்கள்தான் லாட்டரிக் கடை. அழுகை ஒவ்வொன்றும் ஒரு சீட்டு. பிறகு "பிடிவாதக்காரன்" என்று அவனையே அடிக்கிறீர்கள். அந்தப் பிடிவாதத்தைச் சீட்டுச் சீட்டாக விற்றது யார்?

23/
இப்போது என் மேசைக்கு வந்த ஒரு பையன். ஒன்பது வயது. தாத்தா கூட்டிக்கொண்டு வந்தார். "வவுறு வலின்னு சுருண்டு படுத்துக்கறானுங்க. ஸ்கேன் ரெண்டு தடவை எடுத்தாச்சு, ஒண்ணுமில்லீங்கறாங்க. நடிக்கறானுங்களா?"

எந்த நாளெல்லாம் வலி என்று காலண்டரில் குறித்து வரச் சொன்னேன். அடுத்த வாரம் கொண்டு வந்தார். திங்கள், புதன், வெள்ளி. சாயங்காலம் நாலு மணிக்கு மேல். டியூசன் நாட்கள்.

24/
தாத்தாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பையனிடம் கேட்டேன். "டியூசன்ல என்ன சாமி பண்ணுவாங்க?" பதில் இல்லை. டவுசரை லேசாக மேலே தூக்கிக் காட்டினான். தொடையில் ஒயர் தடம், இணை கோடாக. புதுசும் இருந்தது, பழசும் இருந்தது.

"வவுறு வலிச்சா அன்னைக்குப் போக வேண்டாம்" என்றான்.

அவன் நடிக்கவில்லை. பயத்தில் குடல் நிஜமாகவே இறுகும், வலி நிஜம். வலி வந்த நாளில் அடி இல்லை என்று அவன் உடம்பு கற்றுக்கொண்டது. ஒரு வருடமாக அவன் நன்றாகக் கற்ற ஒரே பாடம் அதுதான். பெருக்கல் வாய்ப்பாடு ஏழுக்கு மேல் தெரியவில்லை.

25/
அவன் அப்பாவிடம் பேசினேன். கெட்ட மனிதர் இல்லை. "நானே சொன்னதுதானுங்க. கண்ணை மட்டும் விட்டுப்போட்டுத் தோலை உரிச்சுருங்கன்னு. எங்கப்பாவும் எனக்கு அதைத்தானுங்க சொன்னாரு."

இந்த வாக்கியத்தை எத்தனை பள்ளிக்கூட வாசலில் எத்தனை அப்பாக்கள் பெருமையாகச் சொல்லியிருப்பார்கள்! அந்த டியூசனை நிறுத்தினார்கள். அந்த வயிற்றுவலிக்கு நான் மாத்திரை எதுவும் எழுதவில்லை. ரெண்டு மாதத்தில் நின்றது.

26/
வலியால் வந்த பயம் எவ்வளவு நாள் நிற்கும்? 1953-ல் சாலமன், காமின், வின் மூவரும் நாய்களை வைத்துச் சோதித்தார்கள். விளக்கு மாறினால் சில நொடியில் ஷாக். தடுப்பைத் தாண்டிக் குதித்தால் தப்பிக்கலாம். சில தடவையிலேயே நாய்கள் கற்றுக்கொண்டன. பிறகு ஷாக்கை முழுசாக நிறுத்திவிட்டார்கள். நாய்கள் குதிப்பதை நிறுத்தவில்லை. நூறு தடவை, அதற்கு மேலும் குதித்தன.

ஏனென்றால் நின்று பார்த்தால்தானே ஷாக் இல்லை என்று தெரியும்? கணக்கு வாத்தியாருக்குப் பயந்து கணக்கை விட்டவர்கள், நாற்பது வயதிலும் வங்கிப் படிவத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுகிறார்களே, அவர்கள் இன்னும் குதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

27/
"எம் பையன் அடி வாங்கி இப்ப ரொம்ப அமைதியாயிட்டான்" என்று சந்தோஷப்படுபவர்களுக்கு இன்னொரு நாய்ச் சோதனை. 1967, செலிக்மேனும் மேயரும். என்ன செய்தாலும் ஷாக் நிற்காது என்ற நிலையில் இருந்த நாய்களைப் பிறகு, எளிதாகத் தப்பிக்கக்கூடிய பெட்டியில் விட்டார்கள். பல நாய்கள் முயற்சிகூடச் செய்யவில்லை. படுத்து வாங்கிக்கொண்டன.

அந்த நாய்களும் அமைதியாகத்தான் இருந்தன. அதை ஒழுக்கம் என்று நீங்கள் சொல்வீர்களா?

28/
"நாங்கெல்லாம் அடி வாங்கி வளந்தவங்கதான், நல்லா இல்லையா?"

நானும் வாங்கியவன்தான். என்னோடு ஆறாம் வகுப்பில் படித்தவன் ஒருத்தன், என்னைவிட வேகமாகக் கணக்குப் போடுவான். இங்கிலீஷ் வராது. தினமும் முட்டியில் அடி. ஏழாவதோடு நின்று திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். "நல்லா இருக்கோம்" என்று குரூப்பில் எழுதுபவர்கள் தப்பித்தவர்கள். தப்பிக்காதவர்கள் அந்த குரூப்பிலேயே இல்லை. நாம் நன்றாக இருப்பது அடியாலா, அடியையும் மீறியா என்று எப்படித் தெரியும்?

29/
ஒரு வழி இருக்கிறது: நிறையப் பேரை எடுத்துப் பார்ப்பது. எலிசபெத் கெர்ஷாஃபும் ஆண்ட்ரூ க்ரோகன்-கெய்லரும் 2016-ல் 75 ஆய்வுகளை, ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளின் தரவைச் சேர்த்துப் பார்த்தார்கள். பெரிய அடிகூட இல்லை, கையால் பிட்டத்தில் தட்டும் வழக்கத்தைத்தான் பார்த்தார்கள். அதனால் நடத்தை மேம்பட்டதாகத் தெரியவில்லை. முரட்டுத்தனமும் மனநலப் பிரச்சினைகளும் பெற்றோரோடு விரிசலும்தான் சேர்ந்து வந்தன. இதெல்லாம் தொடர்பு மட்டுமே, முழு நிரூபணம் இல்லை என்று வாதிடலாம். சரி. எதிர்ப்பக்கம், அடி நல்லது என்று காட்டும் அளவில் பாதி ஆதாரமாவது கொண்டு வாருங்கள். பழமொழி தவிர.

30/
சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பல பேருக்குத் தெரியாது. 2009 கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17: பள்ளியில் குழந்தையை அடிப்பதும் மனரீதியாகத் துன்புறுத்துவதும் தடை. 2015 இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 75: தன் பொறுப்பில் உள்ள குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் மூன்று வருடம் வரை சிறை.

"தோலை உரிச்சுருங்க" என்று பெற்றவரே சொன்னாலும் வாத்தியாருக்கு அந்த உரிமை வராது. குழந்தை ஆபத்தில் இருந்தால் 1098-க்கு அழையுங்கள்.

31/
எல்லாரையும் திட்டிவிட்டு நான் மட்டும் தப்பிக்கக் கூடாது. எனக்கும் ஒரு பிரம்பு இருந்தது: வாய்.

சோமனூர் பக்கம் தறி ஓட்டுகிறவர். சர்க்கரை 340. "இப்படியே தின்னுட்டு இருங்க, காலை எடுக்க வேண்டியதுதான்" என்று நாலு பேர் முன்னால் கத்தினேன். அக்கறையில்தான் கத்தினேன் என்று அன்றைக்கு நம்பினேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். அமைதியாக. அடங்கிவிட்டார் என்று எனக்குத் திருப்தி.

32/
ரெண்டு வருடம் வரவில்லை. வந்தபோது வலது காலில் புண். ரெண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. "இத்தனை நாள் ஏனுங்க வரலை?" என்று கேட்டேன்.

"சக்கரை கொறையலீங்க. வந்தா நீங்க வைவீங்க. கொறஞ்சதும் வரலாம்னு இருந்தேனுங்க."

அந்த வார்த்தையை நான் இன்னும் சுமக்கிறேன். சர்க்கரையைத் தவிர்க்க அவருக்கு நான் கற்றுக்கொடுக்கவில்லை. என்னைத் தவிர்க்கக் கற்றுக்கொடுத்தேன். அவருடைய ரெண்டு விரலில் என் பங்கு இருக்கிறது.

33/
இன்னொரு ரகமும் உண்டு. டெஸ்டுக்கு முன்னால் ரெண்டு நாள் பட்டினி கிடந்து நல்ல ரிப்போர்ட்டோடு வருவார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி உண்மையைப் போட்டு உடைத்துவிடும். அவர்களும் படித்தவர்கள்தான்: டாக்டரிடம் திட்டு வாங்காமல் இருப்பது எப்படி என்ற பாடத்தில்.

இப்போது என் முதல் வார்த்தை, "வந்ததுக்கு ரொம்ப சந்தோஷமுங்க." அளவு எவ்வளவு இருந்தாலும் அதுதான். போன தடவையைவிட பத்துப் புள்ளி குறைந்திருந்தாலும் சொல்லிக் காட்டுகிறேன். திரும்ப வருகிறார்கள். வந்தால்தானே நான் வைத்தியம் பார்க்க முடியும்?

34/
"அப்ப பையனைத் தலை மேல தூக்கி வெச்சுக்கறதா?" இல்லை. கண்டிப்பு வேண்டும். நான் வீட்டில் செய்வதும், கேட்பவர்களுக்குச் சொல்வதும் இவ்வளவுதான்:

சரியாகச் செய்யும்போது பிடியுங்கள். செருப்பை எடுத்து வைத்தானா, அந்த நிமிடமே சொல்லுங்கள். நாலு நாள் கழித்துச் சொல்லும் பாராட்டு வீண். முதலில் ஒவ்வொரு தடவையும், பழகிய பிறகு எப்போதாவது. புறாவிடம் படித்ததை நல்லதற்கும் பயன்படுத்தலாம்.

இல்லை என்றால் இல்லைதான். முதல் சில நாள் அழுகை கூடும், அது இயல்பு. நடுவில் உடைந்து கொடுத்தால் அடுத்த சீட்டை விற்றுவிட்டீர்கள்.

தப்புக்கு விளைவு இருக்கட்டும். ஆனால் முன்கூட்டியே சொன்னதாக, சின்னதாக, ஒவ்வொரு தடவையும் அதேயாக. பாலைக் கொட்டினால் துடைப்பது அவன்.

உங்கள் கை ஓங்கினால், பையனைப் பார்க்காமல் உங்கள் தலைவலியைப் பாருங்கள். அடுத்த அறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள்.

35/
ஆசிரியர்களிடம் ஒரு வார்த்தை. நாற்பது, ஐம்பது பேரை ஒரு அறையில் வைத்துச் சமாளிக்கும் உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. அந்தக் கஷ்டத்துக்குக் கேட்க வேண்டியது கூடுதல் ஆசிரியர்கள், ஆலோசகர்கள், சின்ன வகுப்பறைகள். பிரம்பைத் திருப்பிக் கேட்பது, தோட்டத்தில் யானை இறங்குகிறது என்று இன்னும் பெரிய பட்டாசு கேட்பதைப் போலத்தான்.

36/
பெரியப்பா, இது உங்கள் கண்ணில் பட்டால் கோவித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் வளர்த்த காங்கேயம் ஜோடி ஞாபகம் இருக்கிறதா? உங்கள் சத்தம் கேட்டால் கட்டுத்தரையில் எழுந்து நிற்கும். நீங்கள் அதை அடித்து நான் பார்த்ததே இல்லை. அண்ணனைத்தான் அடித்தீர்கள். அண்ணன் இப்போது வருடத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு, ரெண்டு மணி நேரம் மட்டும் வந்து போகிறார்.

37/
படித்தவர்களிடம் ஒரே வேண்டுகோள். உங்கள் வீட்டில் பள்ளி நாளில் மட்டும், டியூசன் நாளில் மட்டும் வயிற்றுவலி, தலைவலி, வாந்தி வரும் குழந்தை இருந்தால் டாக்டரிடம் அவசியம் காட்டுங்கள், உடம்பில் வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் வேண்டும். கூடவே ஒரு காலண்டரில் அந்த நாட்களையும் குறித்து வையுங்கள். அப்புறம் குழந்தையிடம் தனியாக, மெதுவாக, அங்கே என்ன நடக்கிறது என்று கேளுங்கள். பதில் உடனே வராது. காத்திருங்கள்.